சவரிமுத்து மாமாவின் ஈரல் செய்த வேலைநிறுத்தம்

வானம் இடித்தது, இடித்த இடியில் மண் விழித்தது, மண் விழித்ததும் காளான் எழுந்தது, காளான் எழுந்த வாசனை காற்றில் வந்ததும் சவரிமுத்து மாமா கொடியில் கிடந்த சாக்கை உருவித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார், அவர் படியிறங்கியதால்தான் எங்கள் மேல்பாறை எஸ்டேட்டின் நாலாம் லைன் வீட்டு வரிசை மொத்தமும் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்து, ஒரு மனுசனுடைய ஈரலோடு உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தும்படி ஆயிற்று.

சவரிமுத்து மாமா என் அம்மாவின் தம்பி. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர், ஆனால் அவரைக் கேட்டால் தொழில் காளான் எடுப்பது, கவாத்து பொழுதுபோக்கு என்பார். மழை விட்ட மறுநாள் நாங்கள் எல்லாரும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு காடு முழுக்கத் தேடி ஒரு கை காளானோடு திரும்பும்போது அவர் மட்டும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, ஒரு அட்டையும் கடிக்காத காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து, "இதுக்கெல்லாம் கண்ணு வேணும்" என்பார். அந்த "கண்ணு" என்ற சொல்லை அவர் இழுக்கிற இழுப்பு எனக்கு அச்சு அசலாக வரும். மாமாவின் குரல் மட்டுமில்லை. காட்டில் எங்களை வேலை வாங்குகிற எஸ்டேட் கண்டக்டர் மூக்கால் பேசுவது, எங்கள் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் பிரேயரில் இருமுவது, ஃபாக்டரிச் சங்கு ஊதி முடிக்கும்போது கடைசியில் ஒரு சலிப்புச் சலிப்பது, இருவாச்சிப் பறவை தலைக்கு மேல் சிறகடித்துப் போவது, எல்லாம் வரும். ஒருநாள் நான் சங்கு ஊதி லைனே மதியச் சோற்றுக்குக் கிளம்பிவிட்டது, மணி பத்துகூட ஆகவில்லை. அந்த விஷயத்தில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

காளானுக்கு எங்கள் லைனில் சில முறைகள் உண்டு. எடுத்தவர் எடுத்த இடத்தை யாருக்கும் சொல்லக்கூடாது, கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லக்கூடாது. காளான் இருக்கும் பக்கம் விரலை நீட்டவே கூடாது; நீட்டினால் அது அப்படியே தலையைச் சாய்த்துப் படுத்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் ஜென்மத்துக்கும் முளைக்காது. அதைவிடப் பெரிய முறை ஒன்று, முதல் சட்டி. எடுத்தவர்தான் முதலில் சாப்பிட வேண்டும், தனியாக. மற்றவர்கள் தங்கள் பங்கை முறத்தில் பரப்பி வைத்துவிட்டு மறுநாள் விடியும்வரை காத்திருப்பார்கள். சாப்பிட்டவர் மறுநாள் காலையில் எழுந்து பல் விளக்கினால் லைன் முழுக்க உலை வைக்கலாம். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு உலகத்திலேயே இல்லை என்று எங்களுக்கு நம்பிக்கை. முதல் சட்டி சாப்பிடுகிற மனுசனுக்கு அது பத்திரமா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு மாமா கொண்டுவந்த காளான் அவ்வளவு அழகு. பால் மாதிரி வெள்ளை, தண்டில் சின்னதாக ஒரு பாவாடை, மேலே இளம் பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத ஒரு மினுமினுப்பு. ஞானப்பூ அத்தை, அதாவது மாமாவின் பெண்டாட்டி, சட்டியில் குழம்பு கொதிக்கும்போது கழுத்துக் கயிற்றில் கிடந்த வெள்ளி அந்தோணியார் சுரூபத்தைக் கழற்றிக் கழுவி உள்ளே போட்டார். விஷக் காளானாக இருந்தால் வெள்ளி கறுக்கும் என்பது எங்கள் பரிசோதனை. அந்தோணியார் குழம்புக்குள் முங்கி, எழுந்து, முன்னைவிடப் பளபளப்பாக வெளியே வந்தார். அத்தை கும்பிட்டுவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மாமா மூணு தட்டு சோறு தின்று, ஏப்பம் விட்டு, நாங்கள் எல்லாரும் வாயில் எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விரலை ஒவ்வொன்றாக நக்கினார். எனக்குக் கேட்கிற மாதிரி, சுண்டு விரலை மட்டும் இரண்டு தடவை.

விடியும் முன்னாலேயே வாந்தி ஆரம்பித்தது. வாந்தி என்றால் சின்ன வாந்தி இல்லை, ஒரு ஆள் குடித்த தாய்ப்பாலையெல்லாம் திருப்பிக் கொடுக்கிற வாந்தி, அதோடு வயிற்றுப்போக்கு, அதோடு வயிற்றைப் பிசைகிற வலி. லைன் முழுக்க முறத்தில் இருந்த காளானை அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டி எரித்தார்கள். டிஸ்பென்சரியில் டாக்டரம்மா இல்லை, கீழே ஏதோ மீட்டிங் என்று போயிருந்தார். கம்பவுண்டர் வந்து பாட்டிலை ஆணியில் மாட்டி சலைன் ஏற்றினார். மாமா வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் எல்லாம், குழம்பில் அரைத்துவிட்ட தேங்காய் கெட்டுப்போன தேங்காய், குற்றம் தேங்காயுடையது, தன் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாள் காலையில் வாந்தி நின்றது. வலி நின்றது. மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, முகம் கழுவி, தலை சீவி, கஞ்சி கேட்டார். அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. லைனே வாசலில் கூடி நின்று, தப்பிச்சாரப்பா மனுசன், என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தது. அத்தை கஞ்சியை ஆற்றி ஒரு கரண்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோதுதான் மாமாவின் வலது விலாவுக்குக் கீழே இருந்து அந்தக் குரல் வந்தது.

"கஞ்சி உங்களுக்கு. எனக்கு என்ன, முதலாளி?"

வெல்லப்பாகு கொதிக்கும்போது அடியில் இருந்து ஒரு குமிழி மெதுவாக எழும்பி வந்து வெடிக்குமே, அப்படி ஒரு குரல். ஈரமான, அவசரமில்லாத, ரொம்ப வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்த ஆளுடைய குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவை இல்லை, என்னை. அத்தை கரண்டியை வைத்துவிட்டு வந்து என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் வாய் நிறையப் புட்டு.

சங்கத் தலைவர் கருத்தபாண்டி அண்ணாச்சி எதையும் முறைப்படி விசாரிக்கிற ஆள். அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் வாய் நிறைய ஊற்றி, விழுங்கக்கூடாது என்று உத்தரவு போட்டு, போதாததற்கு என் மூக்கையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இப்ப பேசச் சொல்லுங்க" என்றார்.

"அந்தப் பிள்ளையை விடுங்க அண்ணாச்சி, நான்தான்" என்றது மாமாவின் விலா. "நான் ஈரல்."

அண்ணாச்சி என் மூக்கை விட்டார். நான் தண்ணீரை அவர் வேட்டியில் விட்டேன். அதோடு விசாரணை முடிந்தது. ஈரல் எப்படிப் பேசும் என்று எங்கள் லைனில் ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனை காலம் ஏன் பேசவில்லை என்றுதான் கேட்டார்கள்.

ஈரல் சொன்னதை நான் அப்படியே அதன் குரலில் சொல்லிக்காட்ட முடியும், எழுத்தில் வராது, அதனால் சுருக்கிச் சொல்கிறேன். பிறந்த நாள் முதல் ஒருநாள் லீவு எடுத்ததில்லையாம். முதலாளி தின்றது, குடித்தது, திருவிழாவில் வாங்கிக் குடித்து அத்தையிடம் கலர் சோடா என்று சொன்னது, எல்லாவற்றையும் வாங்கி, பிரித்து, கெட்டதை வெளியே அனுப்பி, நல்லதை உள்ளே அனுப்பிக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைச் சரக்கு வந்ததாம், நல்ல மணமாம், வழக்கம்போல வாங்கி வைத்ததாம், வைத்த இடத்தில் எல்லாம் அது தன்னைத் தின்ன ஆரம்பித்துவிட்டதாம். இனித் தன்னால் ஒரு வேலையும் ஆகாது, இன்றோடு வேலைநிறுத்தம், தயவு பண்ணிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் முதலாளி, என்று முடித்தது.

மாமாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பிறந்ததில் இருந்து கண்டக்டர், ஆபீசர், மேனேஜர் என்று எல்லாருக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுசனை முதல்தடவையாக ஒரு ஜீவன் முதலாளி என்று கூப்பிடுகிறது. அவர் காலைக் கொஞ்சம் அகட்டி உட்கார்ந்துகொண்டு, "கோரிக்கையைப் பரிசீலிப்போம்" என்றார்.

அப்புறம் லைன் அந்த ஈரலை எடுத்துக்கொண்டது. பாய் விரித்தார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது. வேலைநிறுத்தம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கருத்தபாண்டி அண்ணாச்சிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, எங்கள் எஸ்டேட்டில் அப்படி ஒன்று நடந்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது. அவர் சங்கக் கொடியைக் கொண்டுவந்து மாமாவின் கட்டில் காலில் கட்டி, ஈரலை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால்தான் சங்கம் பேச முடியும், சேர்த்தால் முதலாளியை எதிர்த்துப் பேச வேண்டும், முதலாளியும் நம் உறுப்பினர், இதில் சங்கத்தின் நிலை என்ன என்று வாய்விட்டு யோசித்துக்கொண்டே முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். கோயில் உபதேசியார் வந்து, மாமாவுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் ஈரலுக்கும் செல்லுமா, தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கண்டக்டர் வந்து, மூக்கால், நாளைக்கு வேலைக்கு வரப்போவது மாமா மட்டுமா இரண்டு பேருமா என்று கேட்டார்.

பொம்பளைகள்தான் இதில் கெட்டிக்காரிகள். ஒருத்தி புருசனைச் சுவரோரம் நிறுத்திச் சட்டையைத் தூக்கி அவன் வலது விலாவில் காதை வைத்தாள்; அதைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள்; கொஞ்ச நேரத்தில் லைன் நெடுக வாசலுக்கு வாசல் ஒரு ஆம்பளை சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஒரு பொம்பளை குனிந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த ஈரலும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பிராந்திக் கடைப்பக்கம் ஒரு ஆம்பளையும் போகவில்லை, இவள் என்னத்தைக் கேட்டாளோ என்ற பயத்தில்.

நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கே அழுத்துகிறது, எங்கே மூச்சு விடுகிறது, "முதலாளி"யில் எந்த எழுத்தில் சறுக்குகிறது. பக்கத்து எஸ்டேட்டில் இருந்து ஆள் வந்தார்கள், பலாச்சுளை கொண்டுவந்தார்கள், பிள்ளைகள் விடுகதை போட்டார்கள். ஈரல் ஒவ்வொரு விடுகதைக்கும் ஒரே பதில்தான் சொன்னது. பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவை அது அப்படிச் சொன்னபோதும் எல்லாரும், என்ன அழகா பேசுது பாரேன், என்று மெச்சினார்கள். எத்தனை தடவை சொன்னதோ அத்தனை தடவையும் மெச்சினார்கள்.

டாக்டர் வசுமதி அம்மா பொழுது சாயும் முன் வந்தார். நேராகக் கட்டிலுக்கு வந்து, மாமாவின் கண் இமையை இழுத்துப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்டெதாஸ்கோப்பை வலது விலாவில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "அது சரியாத்தான் சொல்லுது" என்றார். இந்தக் காளானின் குணமே இதுதானாம். முதலில் வாந்தி, அப்புறம் ஒன்றிரண்டு நாள் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு நடிப்பு, அந்த நடிப்புக்குப் பின்னால் ஈரலை உள்ளேயே அரித்துத் தீர்த்துவிடும். கண் மஞ்சளாகி, புத்தி தடுமாறி, அதன் பிறகு கூட்டிக்கொண்டு போனால் போனதுதான். கொதிக்க வைத்தாலும் சாகாத விஷம், வெள்ளிக்குத் தெரியாத விஷம். எங்கே எடுத்தீர்கள், ஒன்று கிடைத்தால் என்ன காளான் என்று அங்கே அடையாளம் பார்ப்பார்கள், ஜீப் வெளியே நிற்கிறது, இப்போதே கோயம்புத்தூருக்குக் கிளம்புங்கள் என்றார்.

மாமா அசையவில்லை. வாந்திதான் நின்றுவிட்டதே என்றார். தேங்காய் என்றார். எடுத்த இடத்தைச் சொல்கிற வழக்கம் எங்கள் லைனில் இல்லை என்றார். டாக்டரம்மா கெஞ்சினார், திட்டினார், அத்தை காலைப் பிடித்தார். கடைசியில் மாமா எல்லார் முன்னாலும் சொன்னார்.

"நான் அந்த ஜீப்புல ஏறினா, சவரிமுத்து கண்ணு பொய்யாப் போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. செத்தாலும் கண்ணோட சாவேன்."

ஆறாம் லைனில் ஒரு பிரசவம் என்று டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் வந்தது. அவர் ஜீப்பையும் டிரைவர் யாகூப் அண்ணனையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, பாட்டிலை மாற்றிவிட்டு, விடிந்ததும் வருகிறேன், அதற்குள் மனசு மாறினால் எனக்காக நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தது. ஈரல் பேசவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தார்கள், விடுகதை போட்டுப் பார்த்தார்கள், பலாச்சுளையை விலாவுக்குப் பக்கத்தில் காட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. கருத்தபாண்டி அண்ணாச்சி கையைத் தூக்கி, பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது, ஈரல் வேலைக்குத் திரும்பிவிட்டது என்று அறிவித்தார். கை தட்டினார்கள். உபதேசியார் கோயில் பூவைக் கட்டி ஒரு மாலை கொண்டுவந்தார், அதை மாமாவுக்குப் போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, முதலாளியும் தொழிலாளியும் ஒரே உடம்பு என்று அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். லைனே அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப மெதுவாக, "வாக்கா, எப்ப வந்தே?" என்றார். அக்கா என்று அவர் கூப்பிடுவது என் அம்மாவை. சாமந்திப்பூ மாலை போட்டிருந்ததால் அவர் கண்ணில் மஞ்சள் தெரிகிறது என்று முதலில் நினைத்தேன். மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தேன். மஞ்சள் அங்கேயேதான் இருந்தது.

காலடியில் உட்கார்ந்து விலாவில் காதை வைத்தேன். சங்கு ஊதி எல்லாரும் போன பிறகு ஃபாக்டரிக்குள் ஒரு சத்தம் இருக்கும், மெஷின் ஓடாத சத்தம். அதுதான் கேட்டது. அதற்கும் உள்ளே, ரொம்பத் தூரத்தில், ஒரு கொசு சிறகைப் போல ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. ஈரல் வேலைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பேசத் தெம்பில்லை.

எல்லாரிடமும் சொன்னேன். சும்மா இரு ஜெனோ, என்றார்கள். அண்ணாச்சி பேச்சை நிறுத்தவில்லை. நான் சொல்லி யார் எதை நம்பினார்கள், பத்து மணிக்குச் சங்கு ஊதினவள்தானே நான்.

ஆகவே மறுபடி காதை வைக்கிற மாதிரிக் குனிந்து, முகத்தை மாமாவின் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு, வயிற்றில் இருந்து மூச்சை மெதுவாக ஏற்றி, வெல்லப்பாகு கொதிக்க விட்டேன்.

"முதலாளி."

அண்ணாச்சியின் பேச்சு நின்றது. வாசல் நின்றது.

"நான் வேலைக்கு வரலை, முதலாளி. நான் தீர்ந்துக்கிட்டு இருக்கேன். உங்க கண்ணு நல்ல கண்ணுதான், யாரும் இல்லேன்னு சொல்லலை. ஆனா கண்ணைக் கொண்டுபோய்ப் புதைச்சா அது எதைப் பார்க்கும்? நான் போயிட்டா நீங்க யாருக்கு முதலாளி? அத்தை..." அந்த இடத்தில் பாகு தீய்ந்துவிட்டது. ஈரலின் குரலுக்குள் என் அழுகை கலந்துவிட்டது. "ஜீப்புல ஏறுங்க. ஏறுங்க, மாமா."

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரலுக்கே தொண்டை அடைச்சிருச்சு பாருங்க, என்றார். மாமாவின் கை வந்து என் தலைமேல் இருந்தது. அப்படியே என் தலையை ஊன்றி அவர் எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். செருப்பைத் தேடினார், ஒன்றுதான் கிடைத்தது, அதையே போட்டுக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார்.

ஆறாம் லைன் வளைவில் டாக்டரம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். பிள்ளை பிறந்துவிட்டதாம், அவர் புடவையில் இன்னும் டெட்டால் வாசனை. அவர் முன்னால் யாகூப் அண்ணனோடு, நாங்கள் மூணு பேரும் பின்னால். மாமா அத்தையின் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"ஏட்டி ஜெனோ," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "என் ஈரல் என்னை மாமான்னு கூப்பிடாது."

நான் வெளியே பார்த்தேன்.

"முதல்ல சொன்ன முதலாளி நல்லா இருந்துச்சு. அச்சு அசல். கடைசியிலதான் கெடுத்துட்டே. அழுதுக்கிட்டே எடுத்தா குரல் நிக்காது, இன்னும் பழகணும் நீ."

"தெரிஞ்சும் எதுக்கு ஏறுனீங்க?"

"அதுகிட்டன்னா முடியாதுன்னு சொல்லலாம். நான் முதலாளி." மூச்சு வாங்கினார். "உங்கிட்ட என்னத்தைச் சொல்ல?"

கீழே இறங்குகிற இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு பைன் மரக் கூட்டம் வரும். அது நெருங்கும்போது மாமா எழுந்து உட்கார்ந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் வலது கையைத் தூக்கியபோது அத்தை அதைப் பிடிக்கப் போனார், எங்கள் லைனில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கை எங்கே போகிறது என்று தெரியாதா, பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். மாமா விரலை மடக்காமல், மறைக்காமல், சுட்டுவிரலை முழுக்க நீட்டி, பைன் மரத்தடியைக் காட்டினார்.

"அங்கே."

விரல் போன திசையில் வெள்ளை வெள்ளையாக நின்ற காளான்கள், முன் வரிசையில் இருந்து பின் வரிசைவரை, கோயிலில் முழங்கால் போடச் சொன்னால் ஜனம் வரிசையாக இறங்குமே, அப்படி ஒவ்வொன்றாகத் தலையைச் சாய்த்துப் படுத்தன. டாக்டரம்மா இறங்கிப் போய், படுத்துக் கிடந்ததில் ஒன்றைப் பறிக்காமல் குச்சியால் அடிமண்ணோடு கிளப்பி, பேப்பரில் பொதிந்து கொண்டுவந்தார். மாமாவுக்குக் காட்டினார். மண்ணுக்குள் இருந்த தண்டின் அடியில், முட்டை ஓட்டை உடைத்து வைத்த மாதிரி ஒரு சின்னக் கிண்ணம்.

மாமா அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை நான் பார்க்கலை," என்றார். "மேலயே திருகி எடுத்துட்டேன். கீழே பார்க்கலை." பிறகு அத்தையின் மடியில் படுத்துக்கொண்டார். தேங்காயைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாமா மஞ்சள் ஆனார், அப்புறம் அதைவிட மஞ்சள் ஆனார். மாமாவுக்கு ஆளே தெரியாமல் போன ஒரு நாளில் அங்கே இருந்த பெரிய டாக்டர் வேறு யாராவது ஈரல் கொடுக்க முடியுமா என்றுகூடக் கேட்டார், நாலாம் லைன் ஆம்பளைகள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கி வரிசையில் நின்று சட்டையைத் தூக்கினார்கள். பாதிப் பேரைப் பார்த்தமாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் காத்திருந்தார்கள். மாமாவின் ஈரலில் ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கிறது, அது பிழைத்துக்கொண்டால் அதுவே வளர்ந்து முழு ஈரலாகிவிடும், உடம்பிலேயே அந்த ஒரு உறுப்புக்குத்தான் அந்த வித்தை தெரியும், ஒன்றிரண்டு நாள் பார்ப்போம் என்றார் டாக்டர்.

நர்ஸ் கண்ணாடிக் கதவுக்குள் ஒருத்தரைத்தான் விடுவார். அத்தை ஜெபமாலையோடு வெளியே உட்கார்ந்துகொண்டு என்னைப் பிடித்து உள்ளே தள்ளினார். நீதான் பேசத் தெரிஞ்சவ, போய்ப் பேசு, என்றார். நான் மாமாவின் விலாவுக்குப் பக்கத்தில் குனிந்து அந்தக் கைப்பிடியிடம் பேசினேன். கண்டக்டர் மாதிரிப் பேசினேன், மூக்கால். அண்ணாச்சி மாதிரி முழக்கம் போட்டேன். நர்ஸ் பார்க்காதபோது சின்னதாகச் சங்கு ஊதினேன். இருவாச்சி பறந்தேன். எல்லாம் தீர்ந்த பிறகும் நேரம் இருந்தது; வேறு குரல் இல்லாததால் மாமா, மாமா என்று சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது கேட்டதா என்று தெரியாது. ஒருநாள் காலையில் டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, வளருது, என்றார்.

மாமா திரும்பி வந்தபோது கவாத்து வெட்டின செடியில் எல்லாம் புதுத் தளிர் வந்திருந்தது. அவரைக் கைத்தாங்கலாக வாசலில் உட்கார வைத்தோம். சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். முதல் சட்டி முறையை லைன் எடுத்துவிட்டிருந்தது; எடுத்ததை யாரும் அறிவிக்கவில்லை, இடி இடித்தது, யாரும் சாக்கை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் எல்லாரும் கூடியிருந்தார்கள். கருத்தபாண்டி அண்ணாச்சி ஈரலுக்கு உறுப்பினர் கார்டே போட்டுக் கொண்டுவந்துவிட்டார். பழைய குரல் வரும், பழைய கோரிக்கை வரும், பேச்சுவார்த்தையை விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம் என்று பாய்கூட விரித்தாகிவிட்டது. மாமாவும், யாருக்கும் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டு, காலைக் கொஞ்சம் அகட்டி உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் விலாவுக்குள் இருந்து, புதுசாகப் பேச வந்த பிள்ளை எதையோ முதல்தடவை சொல்லிப்பார்க்கிற மாதிரி, மெல்லிசாக, ஈரமாக, பிசிறோடு ஒரு குரல் வந்தது.

"மாமா."

அண்ணாச்சி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளின்னு கூப்பிடலையே, என்று மாமாவுக்காக வருத்தப்பட்டார். மாமா காலைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு கையையும் வலது விலாவில் வைத்து, குளிருக்குக் கோழிக்குஞ்சைப் பொத்திக்கொள்கிற மாதிரிப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"சொல்லும்மா."

"பசிக்குது."

ஞானப்பூ அத்தை யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனார். பானையைக் கழுவுகிற சத்தம் கேட்டது, அரிசியைப் புடைக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அங்கிருந்தே அத்தை சத்தம் போட்டுக் கேட்டார்.

"உப்பு போடலாமா வேண்டாமா? அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."